ஒடம்பு ஏறணும்னா ஒரு நோட்டும் அஞ்சாறு சாளை மீனும் வேணும்

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலுக்கு மேக்க ஒரு கடற்கரைல ஞாயித்துக்கிழமை காலைல கரமடி, அதாவது கரைல நின்னு கயித்தால இழுக்க பெரிய வலை, இழுத்துட்டு இருந்தாவ. நானும் எனக்க அக்கா மவனும் பைக்க ஓரமா நிறுத்திட்டு பாத்துட்டு நின்னோம். ரெண்டு கயித்துலயும் பதினஞ்சு பதினஞ்சு ஆளு, கயித்த இடுப்போட அணைச்சு, குதிகால மணல்ல ஊனி, மொத்தமா பின்னால சாஞ்சு ஒரு எட்டு, பொறவு அடுத்த எட்டு, இப்பிடியே ஒரு மணிக்கூருக்கு மேல. முன்னால நின்ன மாமாவுக்கு அறுபதுக்குக் கிட்ட இருக்கும், முழங்கைக்குக் கீழ நரம்பெல்லாம் முறுக்குன கயிறு மாதிரி தெறிச்சு நிக்கு, ஆனா ஆளு ஒல்லி, சட்டைய மாட்டிட்டா ஜங்ஷன்ல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாவ.

மருமவன் ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு அப்ப ஏழு மாசம். "மாமா, இவ்வளவு வெயிட்ட தெனமும் இழுக்காவளே, பொறவு ஏன் இவங்க யாருக்கும் ஒடம்பு ஏறல? எங்க ஜிம்முல ஒருத்தன் வாரத்துல நாலு நாளு தான் வாறான், வந்தாலும் பாதி நேரம் போன நோண்டிட்டு இருப்பான், அவனுக்கு ஆம்ஸ் பதினஞ்சு இஞ்சு"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. அன்னைக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில் தான், மீதிய இங்க எழுதுறேன், ஏன்னா அவனுக்கும் ஏழு மாசமா ஒண்ணும் ஏறல, அதுக்கும் இதே தான் காரணம்.

தசைன்னு சொல்லுறது முடி மாதிரி மெலிசான நாருங்களோட கட்டு. அதுக்கு வழக்கத்துக்கு மேல இழுவிசை கெடச்சா, உள்ள இருக்க செல்லுக்கு ஒரு தாக்கீது போகும், இந்த பாரம் மறுபடியும் வரும் போல, நாரைத் தடிமனாக்கி வையுன்னு. அதுக்குப் பொறவு ஒண்ணு ரெண்டு நாளு, கணக்கா சொன்னா 24ல இருந்து 48 மணிக்கூர் வர, சாதாரணமா நடக்கதை விட வேகமா புரதத்தக் கோத்து தசைய கட்டும். எங்க ஊருல பால் வெட்டுறவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். ரப்பர் மரத்துல ஒருநாள் விட்டு ஒருநாள் தான் வெட்டு, கத்தி ரொம்ப மேலோட்டமா போனா சிரட்டைல பால் விழாது, ரொம்ப ஆழமாப் போனா பட்டையில காயம் பட்டு மரம் கெட்டுப் போகும், வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவுல இருக்க நாளுல தான் மரம் இழந்த பால மறுபடி ஊற வைக்கும். தெனமும் வெட்டுனா கூடுதல் பால் கிட்டும்னு பேராசப்பட்டவன் மரம் வேகமா வத்திப்போயிரும். தெனமும் செஸ்ட் அடிக்கவன் கதையும் கிட்டத்தட்ட அது தான்.

இப்ப கரமடி மாமாவுக்கு வருவோம். அவரு இழுக்க பாரம் நமக்கு தான் பெருசு, அவருக்கு அது பழகுன பாரம். பதினாறு வயசுல மொதல்ல கயித்தப் புடிச்சப்ப அவருக்கும் தோளு முதுகு எல்லாம் ஏறியிருக்கும், அதுக்குப் பொறவு நாப்பது வருசமா கயிறும் வலையும் ஆளும் ஒரே கணக்கு. ஆயிரக்கணக்கான எட்டு, ஒவ்வொண்ணுலயும் அவரோட முழு பலத்துல ஒரு பங்கு தான் செலவாகு, அதனால ஒடம்பு கத்துக்கிட்டது சோர்ந்து போகாம நிக்கறதுக்கு, தடிக்கறதுக்கு இல்ல. கூடவே காலைல ஒரு கட்டஞ்சாயாவக் குடிச்சுட்டு எறங்குறவரு, உச்சி வரைக்கும் எரிக்க சக்திக்கு சாப்பாடு ஈடு குடுக்கல, ராத்திரி ஒறக்கமும் முழுசா கெடையாது. அவருக்க பலம் உண்மையான பலம், எனக்க மருமவன கயித்துல கொளுவி விட்டா பத்து நிமிசத்துல மணல்ல படுத்துருவான், அது வேற விசயம். பலமும் தசையோட அளவும் சொந்தக்காரங்க தான், ஆனா ஒரே ஆளு இல்ல.

பாரம் கூடிக்கிட்டே போகணும்ங்கற விசயத்த ஒழுங்கா எழுதி வச்சவரு தாமஸ் டெலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டரு. ரெண்டாம் உலகப்போர்ல காலு முட்டு அடிபட்ட சிப்பாய்ங்க ஆஸ்பத்திரில குமிஞ்சு கெடந்தாவ, அப்ப இருந்த வழக்கம் என்னன்னா லேசான அசைவ நெறைய தடவ செய்ய வைக்கறது, மாசக்கணக்கா ஆகும். இவரு நேர் மாறா கனமான பாரத்தக் குடுத்து, பத்து தடவ தூக்க முடிஞ்சா அடுத்த வாரம் கொஞ்சம் ஏத்தினாரு, 1945ல அத கட்டுரையா வெளியிட்டாரு. இன்னைக்கு நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் எந்த ஜிம்முக்குள்ள போனாலும் மாஸ்டரு "மூணு செட்டு பத்து பத்து போடு"ன்னு சொல்லுறாருல்ல, அதாவது ஒரே மூச்சா பத்து தடவ தூக்குனா ஒரு செட்டு, அப்பிடி மூணு, அந்த பத்துக்கு வேரு அங்க தான் கெடக்கு. பத்து மட்டும் தங்கிப்போச்சு, வாரா வாரம் ஏத்தணும்ங்கறது வழியில எங்கயோ விழுந்து போச்சு.

மருமவன்ட்ட "பெஞ்ச் பிரஸ் எவ்வளவு போடுதே?"ன்னு கேட்டேன், படுத்துட்டு நெஞ்சுக்கு மேல பாரத்த தள்ளுறது அது. "நாப்பது கிலோ மாமா." "மூணு மாசம் முன்ன?" "நாப்பது தான் இருக்கும்." இருக்கும்னா? ஓர்மை இல்ல. ஓர்மை இல்லன்னா அங்கயே கத முடிஞ்சுது. நானும் இப்பிடித்தான் நாலு வருசத்த தொலச்சேன், ஒரே டம்பெல், ஒரே எண்ணிக்கை, தெனமும் போவேன், வேர்க்கும், திருப்தியா வீட்டுக்கு வருவேன், கண்ணாடில ஒரு மாத்தமும் இருக்காது, நமக்கு ஒடம்பு வாகு அவ்வளவு தான்னு நெனச்சுட்டேன்.

அன்னைக்கே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்தேன். அதுல என்ன எழுதணும்னா தேதி, என்ன எக்சர்சைஸ், எத்தன கிலோ, எத்தன தடவ, அவ்வளவு தான். மொதல் வாரம் 40 கிலோ எட்டு, எட்டு, ஏழு. அடுத்த வாரம் ஒம்பது, எட்டு, எட்டு. இப்பிடி மூணு செட்டுலயும் பத்து வந்ததும் 42.5 கிலோ, அங்க மறுபடியும் ஏழுல இருந்து தொடக்கம். பாத்தா பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஒரு வாரத்துல ஒரே ஒரு தடவ கூடியிருக்கு, இதுக்கா நோட்டுன்னு. ஆனா தசைக்குத் தெரியற மொழி அது மட்டும் தான். அந்த நோட்டுல மூணாம் பக்கத்துல வேர்வ பட்டு மை கலைஞ்சு 37.5 ஆ 39.5 ஆன்னு தெரியாம ஒரு வரி இருக்கு, 39.5 வரதுக்கு வழியே இல்ல, ஜிம்முல அப்பிடி பிளேட்டே கெடையாது.

எத்தன தடவ தூக்கணும்ங்கறதுல ஊருல பெரிய சண்டை நடக்கும். எட்டுல இருந்து பன்னெண்டுக்குள்ள தான் ஒடம்பு ஏறும், அதுக்குக் கீழ பலம், மேல கட்டிங், அதாவது தசை வெட்டு வெட்டா தெரியறதுன்னு சொல்லுவாவ. ஆராய்ச்சிங்க சொல்லுறது ரொம்ப தாராளம், அஞ்சுல இருந்து முப்பது வர எந்த எண்ணிக்கையும் ஏறக்கொறைய ஒரே மாதிரி வளத்து விடும், ஒரே நிபந்தன என்னன்னா செட்டோட கடைசி ஒண்ணு ரெண்டு நெசமாவே கஷ்டமா இருக்கணும், இன்னும் ஒண்ணு, மிஞ்சிப் போனா மூணு தான் தூக்க முடியும்ங்கற எடத்துல நிறுத்தணும். இருவது தடவ தூக்கக் கூடியத பத்துல வச்சுட்டு வந்தா கரமடி மாமா கத தான். ஒரு தசைக்கு வாரத்துல பத்துல இருந்து இருவது செட்டு, அத ஒரே நாளுல கொட்டாம ரெண்டு நாளாப் பிரிச்சா நல்லது, பெரிய எக்சர்சைஸுக்கு செட்டுக்கு நடுவுல ரெண்டு மூணு நிமிசம் இருந்துட்டு தூக்கணும். மறுநாளு வலிச்சா தான் வேல நடந்துதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, வலி புது அசைவுக்கு வரும், நல்லா பழகுன ஆளுக்கு வலியே இல்லாம ஏறும். அப்புறம் பெஞ்ச்ல படுத்துட்டு தலமாட்டுல நிக்கவன் பாதிய தூக்கிக் குடுக்க அதயும் தனக்க கணக்குல எழுதுறது, அது நோட்டுக்குப் பண்ற துரோகம், மருமவன் ஒரு வாரம் பண்ணினான், அடிச்சு எழுதச் சொன்னேன்.

ஜிம்முக்குப் போக வழி இல்லாதவனுக்கும் இதே கணக்கு தான். எங்க பக்கம் அடிமுறைங்கற சண்டைக் கலை படிச்ச பழைய ஆளுங்க தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் வச்சே நல்ல ஒடம்பு வச்சிருந்தாவ. தண்டால் முப்பது சாதாரணமா வந்துதுன்னா முதுகுல ஒரு பேக்ல அஞ்சு கிலோ அரிசியப் போட்டுக்கிட்டா மறுபடியும் பன்னெண்டுல நாக்கு தள்ளும்.

சரி, சாப்பாடு. இங்க தான் எங்க ஊரு கொஞ்சம் விசித்திரம். எல்லாம் இருக்கு, மீனு இருக்கு, பயறு இருக்கு, முட்டை இருக்கு, ஆனா தட்டுல இருக்க பங்கு தலகீழா இருக்கு. சோறு மலை மாதிரி, மீனு கடலுக்கு நடுவுல பாறை மாதிரி ஒண்ணே ஒண்ணு.

தசை கட்டறதுக்கு எவ்வளவு புரதம் வேணும்ங்கறதுக்கு 2018ல ஒரு பெரிய தொகுப்பு வந்துது, எடை தூக்கிப் பயிற்சி பண்ற 1863 பேர வச்சு நடந்த 49 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தாவ. ஒடம்பு எடையில ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்கொறைய 1.6 கிராம் வர பலன் கூடுது, அதுக்கு மேல தின்னா பெருசா கூடல. நம்ம நாட்டு அளவு, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்லுறது, கிலோவுக்கு 0.83 கிராம். ரெண்டும் மோதிக்கல, 0.83 சாதாரணமா நடமாடுற ஆளு நல்லா இருக்கறதுக்கு, 1.6 இரும்பு தூக்கி அதுக்கு மேல தசை கட்ட நெனக்கறவனுக்கு. சும்மா ஒரு தகவலுக்கு, அந்த நிறுவனம் இப்ப ஹைதராபாத்ல இருக்கு, ஆனா 1918ல தொடங்குனது நம்ம குன்னூர்ல, மெக்காரிசன்னு ஒரு டாக்டரு ஒரு சின்ன அறையில பெரிபெரி நோயப் பத்தி ஆராய ஆரம்பிச்சது, 1958ல தான் அங்கோட்டு மாறிப்போச்சு.

மருமவன் 65 கிலோ. 1.6ஆல பெருக்குனா 104 கிராம். அவன் முந்தின நாளு தின்னத எழுதச் சொன்னேன். காலைல மூணு தோசை தேங்கா சட்னி, புரதம் ஒரு 8 கிராம். மத்தியானம் ஒரு பெரிய தட்டு சோறு, அயிலை மீன் துண்டு ஒண்ணு, பயத்தங்கா துவரன், ரசம், எல்லாம் சேத்து 25. சாயந்திரம் சாயாவும் ரெண்டு பழம்பொரியும், 4. ராத்திரி மரச்சீனிக் கெழங்கு (மரவள்ளி) அவிச்சதும் மீன் கறியும், கெழங்கு தட்டு நெறய, மீனு சின்னதா ரெண்டு, 16. மொத்தம் 53. வயிறு முட்ட தின்னுருக்கான், அக்காவும் புள்ள நல்லா தின்னான்னு சந்தோசமா இருந்துருக்கா, தேவையில பாதி தான் வந்துருக்கு. ஒரு கிலோ தசையில கிட்டத்தட்ட முக்கா பங்கு வெள்ளம், அதாவது தண்ணி, 200 கிராம் தான் புரதம். கேட்டா கொஞ்சம் தான்னு தோணும், ஆனா ஒடம்பு மொதல்ல தனக்க தெனசரிப் பழுதுபார்ப்புக்கு எடுத்துட்டு மிச்சத்த தான் கட்டறதுக்குத் தரும், 53ல மிச்சம் என்ன இருக்கும்.

இத சரி பண்ண புரதப் பவுடரு ஒண்ணும் வாங்கல. காலைல மூணு முட்டை கூட்டினோம், முட்டைக்கு 6 கிராம், 18 வந்துது, மொத்தம் 71. மத்தியானம் ஒரு அயிலைத் துண்டுக்குப் பதிலா அஞ்சாறு சாளை (மத்தி மீனு), முள்ளு தல போக 150 கிராம் சதை இருந்தா 30 கிராம் புரதம், முன்னத்த 10 போக 20 கூடிச்சு, 91. சாயந்திரம் பழம்பொரிய விட்டுட்டு ஒரு கைப்பிடி கொண்டக்கடலை அவிச்சு தேங்கா தூவித் தின்னா 6 கூடும், 97. ராத்திரி படுக்க முன்ன ஒரு பெரிய டம்ளரு பாலு, 8. கணக்கு 105. சோத்துல ரெண்டு அகப்பைய கொறைச்சோம், இல்லன்னா சாளைக்கு வயித்துல எடம் இல்ல. அக்கா "இவ்வளவு மீன ஒருத்தனுக்கா?"ன்னு முகத்தச் சுழிச்சா, சாளை வெல எறங்கி கெடக்க நாளுல கணக்குப் போட்டுக் காட்டினேன், ஒரு ஸ்கூப்பு பவுடரோட வெலய விட கொறைவு தான், அதோட பேச்சு நின்னுச்சு.

சாளை, அயிலை, நெத்தோலி, சூரை, எதுன்னாலும் பச்சையா 100 கிராம் சதைல சுமார் 20 கிராம் புரதம், சூரை கொஞ்சம் கூடுதல். ருசில நெய்மீன் ராஜா தான், ஆனா தசைக்கு வெல தெரியாது, சாளையையும் நெய்மீனையும் அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது.

மரச்சீனிய நான் கொற சொன்னேன்னு யாரும் கோவிச்சுக்க வேண்டாம், காந்தாரி மொளகு சம்மந்தியோட அத தின்னு வளந்தவன் தான் நானும். 1880ல இருந்து 1885 வர திருவிதாங்கூர ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தான் இந்தக் கெழங்க நம்ம பக்கம் பரவலா நட வச்சாரு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவப் புடிச்சதும் அங்க இருந்து வந்த அரிசி நின்னு போச்சு, அந்தப் பஞ்சத்துல நம்ம பாட்டாமாருக்க உயிரக் காப்பாத்துனது இது தான். ஆனா 100 கிராம் கெழங்குல 160 கலோரி, புரதம் ஒண்ணு ஒண்ணர கிராம். விறகு மாதிரின்னு வைங்க, நல்லா எரியும், சொவரு கட்ட ஆகாது. அதுல இன்னொரு விசயமும் இருக்கு, கெழங்குல சயனைடு விடுற ஒரு பொருள் கொஞ்சோல உண்டு, அதனால தான் நம்ம வீட்டுல அவிச்ச வெள்ளத்த வடிச்சுக் கொட்டுறாவ, மிஞ்சினத ஒடம்பு கழிக்க கந்தகம் உள்ள அமினோ அமிலம், அதாவது புரதத்தோட செங்கல், வேணும், அது மீன்ல தாராளமா இருக்கு. கெழங்குக்கு மீன் கறின்னு யாரு சேத்து வச்சாவளோ தெரிஞ்சு செஞ்ச மாதிரி தான் இருக்கு. துண்ட மட்டும் கூட்டி வச்சிருக்கலாம்.

பயறு சமாச்சாரமும் அப்பிடித்தான். புட்டும் பயறும், கஞ்சியும் பயறும், ஆப்பமும் கடலக்கறியும். அரிசில லைசின்ங்கற அமினோ அமிலம் கொறைவு, பயறுல மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் கொறைவு, ரெண்டும் சேந்தா ஒண்ணோட பள்ளத்த இன்னொண்ணு நெரப்பும். சிறுபயறு, காணம் (கொள்ளு), உளுந்து, எல்லாமே உலர்ந்த எடையில நூத்துக்கு 22, 24 கிராம். மீனு தொடாதவங்க இத நம்பித்தான் நிக்கணும், கூட பாலு, தயிரு, சோயா. என்ன ஒண்ணு, புட்டுக்குப் பயறா, பயறுக்குப் புட்டான்னு தெரியாத அளவுக்குப் போடணும், பலபேரு வீட்டுல புட்டுக்கு மட்டிப்பழத்தயும் சீனியயும் பெசஞ்சு அடிச்சுட்டு எந்திரிச்சுருவாவ. மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, பெருமை தான், ஆனா அதுல இருக்கது மாவுச்சத்து, ஜிம்முக்குப் போறதுக்கு ஒரு மணிக்கூர் முன்ன ரெண்டு தின்னா தெம்பா தூக்கலாம், அவ்வளவு.

பழங்கஞ்சி குடிச்சா ஒடம்பு வருமான்னு கேப்பாவ. மனோகர் ஐச்னு ஒரு வங்காளி, அஞ்சு அடி கூட உயரம் இல்ல, 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ்ல குள்ளமானவங்க பிரிவுல ஜெயிச்சாரு, நூறு வயசு தாண்டி இருந்து 2016ல தான் போனாரு, அவரு பழங்கஞ்சிய ரொம்ப மெச்சிப் பேசுன ஆளு. கஞ்சி அவருக்கு சக்தி குடுத்துருக்கும், சந்தேகமில்ல, ஆனா வெள்ளக்காரன் ஜெயில்ல கெடந்தப்பவும் மணிக்கூர் கணக்கா பயிற்சி பண்ணின மனுசன், அத விட்டுட்டு நாம கஞ்சிய மட்டும் புடிச்சுக்கிட்டா எப்பிடி.

பச்ச முட்டைய ஒடச்சு வாயில ஊத்துறதப் பத்தி ஒரு வார்த்த. பழைய ஆளுங்க நல்லெண்ணெயோட சேத்து குடுப்பாவ, ஜிம் பயலுவ சும்மாவே ஊத்துவான். 1998ல பெல்ஜியத்துல அளந்து பாத்தாவ, வேக வச்ச முட்டையோட புரதத்துல 91 சதவீதம் செரிச்சுது, பச்சையில 51 தான். பாதி காச சாக்கடைல போடுற மாதிரி. அவிச்சுத் தின்னுங்க.

மொத்த சாப்பாடும் கொஞ்சம் கூடணும், ஒல்லியான ஆளுக்கு தெனம் ஒரு 250, 300 கலோரி அதிகம் போதும், அதுக்குத் தேங்காயும் ஏத்தம்பழமும் (நேந்திரன்) நம்ம கைக்கு எட்டுன தூரத்துல கெடக்கு. வாரத்துல ஒரு நாளு காலைல வெறும் வயித்துல எடை பாத்து 150ல இருந்து 300 கிராம் கூடுதான்னு பாருங்க, ஒரு கிலோ கூடுச்சுன்னா அது தொப்பைக்குப் போகு. ஏற்கனவே தொப்பை உள்ளவன் கூட்டவே வேண்டாம், சோத்தயும் பழம்பொரியயும் கொறைச்சு புரதத்த மட்டும் ஏத்துனா போதும். ஜிம்ம விட்டு எறங்கி அர மணிக்கூர்ல புரதம் குடிக்கலன்னா எல்லாம் வீண்னு ஓடுறவங்க நிதானமா நடந்தே வரலாம், நாள் மொத்தத்துல எவ்வளவு, அத மூணு நாலு வேளையாப் பிரிச்சு தின்னோமாங்கறது தான் பெருசு.

எங்க மாவட்டத்துல ஒரு தலைவலி மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்குல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வர, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்குல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர, ஒவ்வொண்ணும் 61 நாளு. விசைப்படகு போகாது, வள்ளத்துல வாறது தான், வெல ஏறிரும். அந்த நாளுல மருமவனுக்கு முட்டையும் பயறும் கோழியும், நடுவுல நெத்தோலிக் கருவாடு, கருவாட்டுல புரதம் செறிவா இருக்கும், உப்பும் அதே அளவு செறிவா இருக்கும், ரெண்டு மூணு தடவ வெள்ளத்துல ஊற வச்சுக் கொட்டிட்டு வைக்கணும், பிரசர் உள்ளவங்க அதயும் தொட வேண்டாம்.

இப்ப பவுடரு. பாலத் திரிச்சு பாலாடைக்கட்டி எடுத்தப் பொறவு மிஞ்சுற தெளிஞ்ச வெள்ளத்துல இருக்க புரதம் தான் 'வே' (whey)ன்னு டப்பால வாறது, பால் புரதத்துல அஞ்சுல ஒரு பங்கு அது. மந்திரமும் இல்ல, வெசமும் இல்ல, ஒரு ஸ்கூப்புல சுமார் 24 கிராம், நாலு முட்டை. 2024 மே மாசம் வந்த அந்த ஊட்டச்சத்து நிறுவனத்தோட வழிகாட்டி, ஒடம்பு ஏத்த பவுடரு வேண்டாம்னு சொல்லுது. சாப்பாட்டுல 104 எட்ட முடிஞ்சவனுக்கு நானும் அதயே தான் சொல்லுவேன், ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு ஹாஸ்டல் மெஸ்ல சாம்பார் சோறு திங்கறவனுக்கு ஒரு ஸ்கூப்பு உதவும், அதுல தப்பு இல்ல. நான் ஒருக்க பாதி வெலைல தாறேன்னு ஒருத்தன்ட்ட டப்பா வாங்கி ஏமாந்தேன், வெள்ளத்துல கலக்குனா ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி அடில படிஞ்சுது, இனிப்பு பல்லுல ஒட்டுச்சு, சீலுக்கு மேல இன்னொரு சீலு. அதுல இருந்தது பெரும்பாலும் மாவு தான்னு எனக்க முடிவு.

சப்ளிமெண்டுல காசுக்கு உண்மையா வேல செய்யறதுன்னு நான் நம்புறது கிரியாட்டின் மோனோஹைட்ரேட், தெனம் 3ல இருந்து 5 கிராம். மீனுலயும் எறைச்சிலயும் இயல்பாவே இருக்கு, ஆனா ஒரு கிலோ பச்ச மீனுல தான் நாலஞ்சு கிராம் கெடைக்கும். கடைசி ஒண்ணு ரெண்டு தடவ தூக்கத் தேவையான சக்திய வேகமா நெரப்பும், மொதல்ல ஒரு கிலோ ரெண்டு கிலோ எடை ஏறும், அது தசைக்குள்ள போன வெள்ளம். இத தின்னுட்டு ரத்தப் பரிசோதன பண்ணுனா கிட்னி நெலமையப் பாக்க அளக்குற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம், டாக்டர்ட்ட முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா வீட்டுல கிட்னி போச்சுன்னு அழுகாச்சி தொடங்கிரும், எங்க வீட்டுல தொடங்குச்சு. நெசமாவே கிட்னி கோளாறு உள்ளவங்க, பல வருசமா சுகரு உள்ளவங்க, புரதத்தக் கூட்டறதுக்கு முன்ன டாக்டரப் பாத்துட்டு தான் தொடங்கணும்.

ஒடம்பு ஏத்த போடுற ஊசி விசயத்துக்கு வந்தா எனக்கு கோவம் வரும். டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆம்பள ஹார்மோன 1935ல ஆய்வுக்கூடத்துல செஞ்சுட்டாவ, அது வேல செய்யும், அதுல பொய் இல்ல. வெளிய இருந்து வந்து விழுந்ததும் மூள "போதும்"னு சொல்லி ஒடம்போட சொந்த உற்பத்திய நிறுத்திரும், விதைப்பை சுருங்கும், விந்து எண்ணிக்க விழும், மாரு வீங்கும், கொழுப்பு ஏறி இதயத்துல கை வைக்கும். 22 வயசுல இருக்கவன்ட்ட இத சொன்னா சிரிப்பான், கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் கழிச்சு ஆஸ்பத்திரி வராந்தால இருக்கப்ப தான் ஓர்ம வரும். இன்னொண்ணு மெபென்டெர்மின், ஆபரேஷன் நேரத்துல ரத்த அழுத்தம் விழுந்தா டாக்டரு போடுற மருந்து, அத களைப்பு தெரியாம இருக்கன்னு பயலுவ நரம்புல ஏத்துறான். தசைக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல, இதயத்த சவுக்கால அடிச்சு ஓட விடுற வேல. மாஸ்டரே இத நீட்டுனா அந்த ஜிம்ம விட்டு அன்னைக்கே எறங்கிரணும்.

குடியப் பத்தி சுருக்கமா. 2014ல ஒரு ஆய்வுல எட்டு பேர பயிற்சி பண்ண வச்சு, புரதமும் குடுத்து, கூட நல்லா குடிக்கவும் வச்சாவ, தசை கட்டுற வேகம் 24 சதவீதம் கொறஞ்சுது. சனிக்கிழம லெக் டே முடிச்சு நேரா கூட்டத்தோட போறவன் யோசிச்சுக்கலாம். ஒறக்கம் ஏழு மணிக்கூருக்குக் கொறையக் கூடாது, ராத்திரி ரெண்டு மணி வர ரீல்ஸ் பாத்துட்டு காலைல அஞ்சுக்கு ஜிம்முக்கு எந்திரிக்கறது வீரம் இல்ல.

அக்கா கேட்டா, "நானும் பண்ணினா ஆம்பள மாதிரி ஆயிருவேனாடா?" ஆக மாட்டா. பொம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆம்பளைங்கள விட பல மடங்கு கொறைவு, அந்த அளவுக்கு ஏறவே ஏறாது, முட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வேணா கொறையும். வெள்ளக் கொடத்த தூக்குற கையி, பயப்படற அளவுக்கு டம்பெல்ல ஒண்ணும் இல்ல.

உண்மையில எங்க வீட்டுல இது அதிகமா தேவப்பட்டது பாட்டாவுக்கு. முப்பது வயசு தாண்டுனா பத்து வருசத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை தானா கரையும்னு சொல்லுவாவ, அறுவதுக்குப் பொறவு வேகம் கூடும். 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86ல இருந்து 96 வயசு வர உள்ள பத்து பேருக்கு எட்டு வாரம் கனமான காலு பயிற்சி குடுத்தாவ, முடிச்சவங்களுக்கு காலு பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு, தொடைத் தசையும் தடிச்சுது. அத படிச்சுட்டு தான் பாட்டாவ ஆரம்பிச்சு விட்டேன். அவருக்கு 81 வயசு, சாப்பாடுன்னா கஞ்சியும் தேங்காத் தொவையலும், மீன முள்ளு பயத்துல விட்டுட்டாரு. இப்ப காலைல ரெண்டு முட்டை, மத்தியானம் முள்ளெடுத்த சூரை, கஞ்சில சிறுபயறு பாதிக்குப் பாதி.

பயிற்சின்னா ஒண்ணே ஒண்ணு, திண்ணைல கெடக்க மர நாற்காலில இருந்து கைய ஊனாம எந்திரிக்கணும், இருக்கணும். மொதல் நாளு மூணு தடவ. மருமவன் அவனுக்க நோட்டுலயே பின் பக்கத்துல பாட்டாவுக்குன்னு ரெண்டு கோடு போட்டு எழுதி வைக்கான். நாலு மாசம் ஆச்சு, நேத்து பன்னெண்டு. பதிமூணாவதுக்குக் கைப்பிடியப் புடிச்சுட்டாரு, "அதயும் எழுதுலே மக்கா"ன்னு கேட்டாரு, அவன் எழுதல.